மூன்றாம் ஸ்தலத்தில் நான் விழுந்த கதை

ஊர்காவற்றுறை
16.05.2004

அன்பு மகள் நிமலினிக்கும் மருமகனுக்கும்,

அந்த வெளிநாட்டுக் குளிருக்குள்ளும் அந்தோனியார் உங்களைக் காப்பாராக. நானும் அம்மாவும் சுகம். சுகமில்லாதது என் முழங்கால் மட்டுமே.

தவக்காலத்தில் ஒருநாள் பூசையில் முழந்தாளிட்ட எனக்கு எழும்ப ஏலாமல் போய்விட்டது. சனம் எழும்பியது, இருந்தது, பீடத்தடியில் நன்மை அப்பம் வாங்கியது. நான் மட்டும் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே முழந்தாளில் நின்றேன். பூசை முடிய பங்குச் சுவாமியார் வந்து, "கிறிஸ்தோப்பர் அண்ணை, என்ன பக்தி!" என்றார். முத்தமிடும் சாட்டில் அவர் கையைப் பிடித்து எழும்பினேன். அவரோ பெரிய வெள்ளி சிலுவைப்பாதைக்குச் சிலுவை தூக்க என்னையே நியமித்துவிட்டார். பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட வேண்டும், பிள்ளை! ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு ஸ்தலம் ஒருமாதிரி ஒப்பேற்றினேன். மூன்றாவதில், "இயேசு முதன்முறை கீழே விழுகிறார்" என்று சுவாமியார் வாசிக்க, நானும் சிலுவையும் சேர்ந்தே விழுந்தோம். நடிப்பென்று நினைத்துச் சனம் விம்மி அழுததே தவிர, ஒருத்தரும் தூக்கவில்லை. அம்மாதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "விசர்ச் சனங்களே, இது நாடகமில்லை! இந்த மனுசனுக்கு எழும்ப ஏலாது!" என்று கத்தினாள்.

அன்றோடு அம்மா என்னை மீன்பிடிக்க வள்ளத்தில் ஏற விடவில்லை. பக்கத்து வீட்டு லியோன் படியில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தவன், இன்னும் பாயில்தான். பெண்சாதிதான் புரட்டித் தூக்குகிறாள். "உங்கட எலும்பும் உளுத்துப்போச்சு" என்று அம்மா சொல்லச் சொல்ல எனக்கும் பயம் பிடித்தது. அம்மாவின் உடம்புக்கு என்னைத் தூக்க ஏலுமோ?

நீ ஒழுங்குபண்ணினபடி கொழும்புக்குப் போனோம். எலும்பின் அடர்த்தி அளக்கிற மெசினுக்குக் கீழே கருவாடு மாதிரிக் கிடந்தேன். டொக்டர் படத்தைப் பார்த்து, "ஐயா, முழங்கால் மூட்டும் இடுப்பு மூட்டும் தேய்ஞ்சிட்டுது. எலும்பு நல்ல அடர்த்தி" என்றார்.

"தேய்ஞ்சதெண்டால் உளுத்தது இல்லையோ?"

"அது வேற, இது வேற. மூட்டு தேய்ஞ்ச கன பேருக்கு எலும்பு இறுக்கமாய்த்தான் இருக்கும். ஆனால் விழாமல் பாருங்கோ."

அம்மா அங்கேயே சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப இவ்வளவு நாளும் எனக்குக் காட்டினது சோம்பேறிப் பஞ்சியோ?" என்றாள்.

ஆகையால் கவலைப்படாதே, மகள். ஊன்றி நடக்கப் பொல்லு ஒன்றும் அனுப்ப வேண்டாம். உன் அப்பா கருங்கல்லு. அடுத்த கிழமை வள்ளம் ஏறுகிறேன்.

உங்கள் வீட்டில் சமாதானமும் சட்டியில் மீனும் குறையாதிருக்க ஆசீர்வதிக்கும்,
அப்பா கிறிஸ்தோப்பர்

பி.கு.: இவ்வளவும் எழுதிவிட்டுச் சாய்மனைக் கதிரையால் எழும்பப் பார்த்தேன். கருங்கல்லு அசையவில்லை. பொல்லை அனுப்பிவிடு. அம்மா குசினியில் சமையலை விட்டு வந்து, "பிடியுங்கோ" என்று கையை நீட்டினாள். எழும்பிவிட்டேன். "எழும்பின பிறகும் கையை விடாதையும்" என்று மட்டும் நான் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.