வீட்டுக்காரர் வைத்த வண்ண வரிசை

அடக் கடவுளே! பதவி உயர்வுக்கான பேட்டிக்கு மேலாளர் கம்ப்யூட்டரில் வரப்போகும் நேரம் பார்த்தா நாற்காலிக் காலில் சிக்கி நெட்வொர்க் வயரின் பிளக் சுக்குநூறாக வேண்டும்?

பேட்டி நம்ம வீட்டுக்காரருக்குத்தான்; ஆனாலும் அவர் பதறவில்லை. நெட்வொர்க் வயர் இழுப்பதுதானே அவர் தொழில்! அதிலும் இது அவரே போட்ட வயர். உள்ளே எட்டுக் கம்பி, எட்டு நிறம். ஊர் உலகமெல்லாம் ஒரே வரிசையில் அதைக் கோக்கும். இவர் மட்டும் தன் வீட்டுக்கென்று தனி வரிசை வைத்திருந்தார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையானாலும் ஓடிவிடும். மைத்துனனும் இதே தொழில்தான். அவன் வந்து கை வைத்து நல்ல பேர் வாங்கிவிடக் கூடாது பாருங்கள்! லைன் போனால் மனைவி தன்னைத்தான் கெஞ்ச வேண்டும்.

தன் வரிசைப்படி புதுப் பிளக் போட்டார். லைன் வந்ததைக் காட்டும் குட்டி விளக்கு எரியவில்லை. வெட்டிவிட்டு மறுபடி போட்டார். ம்ஹூம். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஐயோ, பதவி போச்சே!

"என்னங்க, நான் பார்க்கட்டுமா?"

"நீயா? போய் உன் வேலையைப் பாரு!"

"சரி. மேனேஜர் கேட்டா, வயர் சரியில்லைன்னு போன்ல சொல்லிடுறேன்."

இடுக்கி கைமாறியது. அவள் கம்பிகளைப் பிரித்தாள், நீவினாள், கோத்தாள், ஓர் அழுத்து அழுத்தினாள். விளக்கு கண் சிமிட்டியது. அவர் குனிந்து பிளக்கை உற்றுப் பார்த்தார்.

"எ... எந்த வரிசைடி இது?"

"எல்லாரும் போடுறதுதான். நீங்க வெளியூர் போயிருந்தப்ப லைன் போய், என் தையல் வகுப்பு பாதியில நின்னுச்சு. தம்பி வந்து பார்த்துட்டு, 'என்னக்கா, மாமா கலர் வெச்சு விளையாடியிருக்காரு'ன்னு தலையில அடிச்சுக்கிட்டான். அவன்கிட்டயே கத்துக்கிட்டு ரெண்டு முனையையும் மாத்திட்டேன்."

"என் வீட்ல! என் வயர்ல!"

அதற்குள் மேலாளர் திரையில் வந்துவிட்டார். முதல் கேள்வியே இதுதான்: "வயர் போடுறதுல எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றணும்னு ஏன் சொல்றோம்?"

வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "போட்டவன் இல்லாதப்பவும் வேலை நடக்கணும் சார்."

"பிரமாதம்! பதவி உங்களுக்குத்தான்."

அவ்வளவுதான். மனிதர் மறுபடி மீசையை முறுக்க ஆரம்பித்துவிட்டார். "என்ன இருந்தாலும், அப்பப்போ லைன் போகுமே, இன்டர்நெட் பெட்டியை ஒரு தட்டு தட்டி வர வைக்கிறது யாரு? நான்தானே?"

"நீங்களேதாங்க," என்றாள் அவள். "நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்ட நாள்ல எல்லாம் பெட்டி சுவிட்சை அணைச்சு வெச்சு, நீங்க தட்டுறப்ப போட்டு விடுறது மட்டும்தான் நான்."