சேர் அண்ணாச்சி தோண்டிய குழி

உட்கார்ந்துகொண்டே தோட்டம் போடத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறார். பைக்கின் பின்னால் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வருவதால் ஊருக்கே அவர் சேர் அண்ணாச்சி.

எங்கள் வீடு அறுபதுகளில் அப்பா கட்டியது. தட்டையான கான்கிரீட் கூரை, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல், மொசைக் தரை. வெளியிலிருந்து ஹாலுக்கு ஒரே ஒரு படி. அந்தக் காலத்தில் அதுதான் நாகரிகம். தெருவில் தார் போடப் போட ரோடு உயர்ந்தது, வீடு பள்ளத்துக்குப் போனது. போதாக்குறைக்கு, கார் வாங்கிய ஜோரில் நான் இருந்த செடியையெல்லாம் வழித்துவிட்டு முன்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசினேன். புத்தி! அதிலிருந்து ஐப்பசி தவறாமல் மழைத்தண்ணீர் ஹாலுக்குள் வந்து போனது.

இந்த ஐப்பசியில் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தண்ணீர் உள்ளே வரக்கூடாது, வாசலும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். என் மனைவி கொரியன் புல் கேட்டாள்.

அண்ணாச்சி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெயில் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. அவ்வப்போது கேட்டருகே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஓடும் வழியைப் பார்ப்பார். பிறகு காபி கேட்பார்.

"அண்ணாச்சி, வேலைய எப்ப ஆரம்பிப்பிய?" என்றாள் மனைவி.

"ஆரம்பிச்சு மூணு நாளாச்சே தாயி."

நாலாம் நாள் ஆட்களோடு வந்து சிமெண்டை உடைத்தார். போர்டிகோவுக்கு முன்னால், வீட்டு நீளத்துக்கு முழங்கால் ஆழக் குழி. உள்ளே கூழாங்கல், ஓரமாகக் கல்வாழை, தாண்டிப் போக ஒரு கற்பலகை. குழியிலிருந்து கொல்லைக் கிணற்றுக்கு ஒரு வாய்க்கால்.

"மாப்பிள்ள வீட்டுக்காரவிய கார விட்டு எறங்குனதும் குழியிலயா விழணும்?"

"வேண்டாம்னா மூடிருதேன். பொறவு ஹால்ல தண்ணிக்குள்ள நின்னுதான் பூ வைக்கணும். எனக்கென்ன?"

அதோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

நிச்சயதார்த்தத்தன்று விடிந்ததும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டியது. தெருத் தண்ணீர் அம்புட்டும் கேட்டுக்குள் புகுந்தது. நாங்கள் சாக்கும் பழைய சேலையுமாக ஹால் வாசலில் நின்றோம். வந்த தண்ணீர் போர்டிகோவுக்கு முன்னால் குழிக்குள் இறங்கி, வாய்க்கால் பிடித்து, கிணற்றுக்குள் விழுந்தது. ஹாலில் ஒரு சொட்டு இல்லை. அப்பாடா என்று மொசைக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் நனையாமல் வந்து சேர்ந்தார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணுக்குத் தாய்மாமன் யாரு? வந்து தட்ட வாங்கச் சொல்லுங்க" என்றார்.

என் மனைவி கூடப்பிறந்தவர்கள் இல்லாதவள். கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே அண்ணாச்சி சேற்றுக்காலோடு வாய்க்காலில் அடைத்த இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தா, குழிகிட்ட நிக்காவ. அவியதான்" என்றாள்.

அண்ணாச்சி காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து தட்டை வாங்கிக்கொண்டார். இந்த வயதில் எனக்கு ஒரு மச்சான் கிடைத்திருக்கிறார். இனி யாருக்காகவும் அவரை விட்டுக்கொடுப்பதாக இல்லை.