ஏழாவது நாற்காலி

ஒக்தாவ் தன் வாழ்நாளில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில்கள் தாமதமாக வந்திருக்கலாம். அது ரயில்களின் குணக்கேடு. அப்படிப்பட்டவர் மே மாதத்தில் ஒரு காலை, வெண்ணெய் தடவாத ரொட்டியை மென்றுகொண்டே மனைவியிடம் ஒரு மகத்தான தீர்மானத்தை அறிவித்தார்.

"லூசெத், நாம சைக்கிள்ல போறோம். கால்வாய் ஓரமா, நாலு நாள்."

"யாரு போறது?"

"நாமதான். டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னாரில்ல?"

"அவர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நீ அசைச்சது தாடையை மட்டுந்தான்."

"மனுஷன் திருந்தவே கூடாதா? அதுவும் உங்கப்பா வேலை பார்த்த கால்வாய். நீ பிறந்த வீட்டு வாசல் வழியாவே போகலாம். எனக்காகவா சொல்றேன்?"

லூசெத் அவரை நிதானமாகப் பார்த்தாள். அவள் அப்பா அந்தக் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றைக் கவனித்துக்கொண்டவர். ரயில்காரரான ஒக்தாவுக்குக் கால்வாய் என்றாலே இளக்காரம். மணிக்கு ஆறு கிலோமீட்டர் நகர்வதைப் போக்குவரத்து என்று சொல்ல அவருக்கு வாய் வராது. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் மாமனார் வீட்டுத் தண்ணீரைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான்.

"சரி, போகலாம்," என்றாள் லூசெத்.

இவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் ஒக்தாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் முந்திக்கொண்டது.

விஷயம் இதுதான். அந்தக் கால்வாய் போய் முடிகிற சாந்த்ரோல் ஊரில் சாசேஜ் சபை என்று ஒன்று உண்டு. மொத்தம் ஏழு பேர். சிவப்பு அங்கி, கழுத்தில் பச்சை நாடா. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரத்துக் கசாப்புக்காரர்கள் எல்லாம் ஆந்துயெத் என்கிற குடல் சாசேஜைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். ஏழு பேரும் ஊர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டு, முதல் பரிசு யாருக்கு என்று சொல்வார்கள். நாற்காலி ஆயுளுக்கும் சொந்தம். ஒருவர் போனால்தான் இன்னொருவர் உட்காரலாம். ஒக்தாவ் பதினோரு வருஷமாக வரிசையில் நின்றார். போன குளிர்காலத்தில் அந்த ஏழு பேரில் ஒருவரான நோட்டரி கண்ணை மூடினார். ஒக்தாவ் அடக்கத்துக்குப் போய் உண்மையாகவே அழுதார். எதற்காக அழுதார் என்று நாம் கேட்கக் கூடாது.

பின்னாலேயே சபையின் கடிதம் வந்தது. ஜூன் முதல் ஞாயிறு, காலை பதினொன்று. மணி அடிக்கும்போது நாற்காலி காலியாக இருந்தால், கூட்டத்திலிருந்து வேறொருவரை உட்காரவைத்துவிட்டுத்தான் முதல் சாசேஜில் கத்தி வைப்பார்கள். அதன்பின் நாற்காலி உட்கார்ந்தவருக்குத்தான். அது சபையின் சட்டம்.

இதை லூசெத்திடம் சொல்ல முடியுமா? ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, ஒக்தாவ் தூக்கத்தில் சாசேஜ் என்று உளறினால்கூட மறுநாள் கேரட்தான். ஆகவே அவர் ஓர் அட்டவணை போட்டார். தேகப் பயிற்சிக்காகக் கிளம்புவது. தற்செயலாக ஞாயிறு பத்தரைக்கு சாந்த்ரோலில் இருப்பது. தற்செயலுக்கு அட்டவணை போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வியாழக்கிழமை கிளம்பினார்கள். இரண்டு பக்கமும் பாப்லர் மரங்கள், நடுவில் அசையாத தண்ணீர், கரையில் வழவழப்பான பாதை. லூசெத் மதகுக்கு மதகு இறங்கி, பூந்தொட்டிகளைப் பார்த்து, பழைய சிநேகிதர்களின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, அரைமணி பேசிவிட்டு வந்தாள். ஒக்தாவுக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. நடுவர் ஆகப் போகிறவர் நாக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டாமா?

"நீ மெதுவா வா, லூசெத். நான் முன்னாடி போய் வழி பார்க்கறேன்."

"கால்வாய்ல வழி பார்க்க என்ன இருக்கு? நேராத்தானே போகுது?"

"நேராத்தான் போகுதான்னு பார்க்கணும்."

பன்னிரண்டு அடிக்கும்போது அவர் ஒரு மதகோரச் சாப்பாட்டுக் கடையில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். கடைக்காரம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாள், வேகவைத்தவை மூன்று, குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவை மாதிரி படுத்திருந்தன.

"நான் ஆந்துயெத் கேட்டேன், மதாம். கடுகு சாஸோட."

"கேட்டீங்க. ஆனா உங்களுக்கு இதுதான் கொடுக்கணும்னு சேதி வந்திருக்கு, ஐயா."

"எங்கேருந்து?"

"மேலேருந்து."

ஒக்தாவ் அண்ணாந்து பார்த்தார். தனக்காக ஒரு ஜெபம் சொல்லி இருபது வருஷம் ஆனவர். அன்றைக்குக் கொஞ்சம் பயந்துதான் போனார். லீக்ஸைச் சாப்பிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த லூசெத், தட்டைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"அட, நீயா கேட்டு வாங்கினே? நிஜமாவே திருந்திட்டே போ."

வெள்ளிக்கிழமை ஒக்தாவ் தொப்பியை மாற்றினார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். அடுத்த கடையில் நுழைந்து, பெல்ஜியத்தில் பிறந்து வளர்ந்தவர்போலக் குரலை இழுத்தார்.

"ரொம்ப தூரத்துலேருந்து வரேன். இந்த ஊர் சாசேஜ் பத்தி எங்க நாட்டுல பெருமையாச் சொல்வாங்க."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தொப்பி மாறலாம்னு சொன்னாங்க. பெல்ஜியம்னு சொல்லலையே," என்றார். லீக்ஸ் வந்தது. இந்த முறை நாலு.

சனிக்கிழமைதான் மர்மம் உடைந்தது. ஒரு மதகு வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒக்தாவ் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மதகுக்காரப் பெண் டெலிபோனில் பேசினாள்.

"ஹலோ, அடுத்த மதகா? கீழே வர்றதைச் சொல்றேன், எழுதிக்கோ. மணல் படகு ஒண்ணு. ஜெர்மன்காரங்க வாடகைப் படகு ரெண்டு. அப்புறம் நம்ம லூசெத்தோட வீட்டுக்காரர். ஆமாமா, சுமை எதுவும் ஏத்தலை. காலியாத்தான் வரார்."

ஒக்தாவின் கையிலிருந்த பம்ப் நழுவியது. ஒரு படகு கிளம்பினால் அடுத்த மதகுக்குச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் கதவு தயாராக இருக்கும். கால்வாயில் நூறு வருஷத்து வழக்கம். அவரும் முப்பத்தாறு வருஷம் ரயில்களை இப்படித்தான் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒப்படைத்தார். தன்னையே ஒருத்தி ஒப்படைப்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. சாந்த்ரோலுக்கு இன்னும் ஐந்து மதகு பாக்கி. சேதி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டால், சபையின் மேஜையிலும் லீக்ஸ் வைத்துவிடுவார்கள். பதினோரு வருஷம் வீணாகிவிடும்.

ஞாயிறு காலை எட்டரை. லூசெத் விடுதியில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"நான் வழி பார்க்கறேன்," என்றார் ஒக்தாவ்.

"பாரு பாரு. நல்லாப் பாரு," என்றாள் லூசெத், கண்ணாடியைப் பார்த்தபடியே.

முதல் மதகில் வெள்ளை மீசைக் கிழவர் ஒருவர் பைப் புகைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டெலிபோனைக் காணோம். ஒக்தாவுக்கு நம்பிக்கை பிறந்தது.

"ஐயா, கால்வாய் ஓரமாப் போகாம சாந்த்ரோலுக்கு வேற வழி இருக்கா?"

"எதுக்கு? இது சமதரையாச்சே. ஒண்ணரை மணி நேரத்துல போயிடலாம்."

"இல்ல, கொஞ்சம் காட்சி பார்க்கணும்."

"காட்சின்னா குன்று மேல போங்க. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ரோடு. தூரம் பாதிதான்."

"ஏத்தம் இருக்குமோ?"

கிழவர் பைப்பை வாயிலிருந்து எடுத்து யோசித்தார்.

"லேசா இருக்கும்," என்றார்.

லேசான அந்த ஏற்றத்தின் முதல் திருப்பத்தில் ஒக்தாவ் கியரை மாற்றினார். இரண்டாவதில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மூன்றாவதில் இறங்கித் தள்ளினார். உச்சி வந்ததென்று நினைத்தபோது ரோடு சரேலென்று இறங்கி, எதிரே இன்னொரு குன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பாலும் ஒன்று இருந்தது. காட்சிக்கு ஒரு குறையும் இல்லை. எங்கோ கீழே கால்வாய் நூல் பிடித்ததுபோல நேராகப் போயிற்று. அதன் கரையில் ஒரு பொட்டுபோல யாரோ சைக்கிளில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது குன்றின் உச்சியில் சாந்த்ரோல் மணி காதில் விழுந்தது. ஒக்தாவ் எண்ணினார். பதினொன்று. இன்னொரு முறை எண்ண ஆசைப்பட்டார், மணி நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாமதம். அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அதற்கும் மூச்சு மிச்சமில்லை.

அவர் சதுக்கத்தில் வந்து நின்றபோது மணி பதினொன்று ஐம்பது. மேடையில் ஏழு சிவப்பு அங்கி. ஏழாவது அங்கிக்கு மேலே வாரிய தலையோடு லூசெத்.

"வந்துட்டியா?" என்றாள். "காட்சியெல்லாம் எப்படி? எங்க அன்செல்ம் மாமா சொன்ன வழி நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அந்தக் கிழவன் உனக்கு மாமாவா?"

"அப்பாகூட வேலை பார்த்தவர். என்னைத் தோள்ல உட்காரவச்சுக்கிட்டுத்தான் மதகு திறப்பார்."

"உனக்கு இந்தச் சபை விஷயம்..."

"கடிதத்தை நல்லாத்தான் ஒளிச்சே, ஒக்தாவ். ஆனா தபால்காரர்கிட்ட அதை வாங்கினவ நான். கவர் மேலேயே சாசேஜ் படம் போட்டிருந்தாங்க. மணி அடிக்குது, உன்னைக் காணோம். குடும்ப மானம் என்ன ஆறது? நான் உட்கார்ந்தேன்."

"சாசேஜ் விஷம்னு நீதானே சொன்னே?"

"உனக்கு. என் ரத்தத்தை டாக்டர் பாராட்டினார்." முள்கரண்டியில் இருந்ததை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். மென்ற விதத்தைப் பார்த்தாலே ஒன்பதுக்குக் குறையாத மதிப்பெண் என்று ஒக்தாவுக்குப் புரிந்தது. அவருடைய வயிறு ஊர் கேட்க ஒரு சத்தம் போட்டது.

சபைத் தலைவர் பார்பியே நல்ல மனிதர். மேடையிலிருந்து குனிந்து, ஒக்தாவின் காதருகே தணிந்த குரலில் சொன்னார்.

"மனசை விட்டுடாதீங்க ஐயா. வரிசையில இப்பவும் நீங்கதான் முதல் ஆள். எங்க ஏழு பேர்ல மதாம்தான் வயசுல மூத்தவங்க. அதனால, முறைப்படி பார்த்தா, அடுத்து காலியாகப் போறது..."

அவர் நாசூக்காக அங்கேயே நிறுத்திக்கொண்டார். லூசெத் அடுத்த சாசேஜைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ, ஒக்தாவ். எங்க வீட்டுல தொண்ணூறுக்கு முன்னாடி யாரும் போனதில்ல."