வெடித்துத் தொலைத்த கருந்துளை

பள்ளிப்பட்டு பாவா பக்தவச்சலம் அவர்களுக்கு, திருத்தணியிலிருந்து மைத்துனன் ஹேமநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் தேவலையா?

பெங்களூரில் வானத்தை ஆராயும் என் மகள் மோகனப்ரியா போன மாதம் போனில், "நைனா, நான் மாசக்கணக்கா பாத்துக்கினு இருக்கறது கருந்துளையா இருக்கலாம்" என்றாள். 'இருக்கலாம்' என் காதில் விழவில்லை. நம் லுங்கிக் கடைக்கு வந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் பரந்தாமனிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே பஸ் நிலையத்தில் பிளெக்ஸ்: 'கருந்துளை கண்ட தாரகையே!' அதில் பரந்தாமன் ஆளுயரம், ப்ரியா தபால்தலை அளவு. கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா என்று நோட்டீஸும் அடித்துவிட்டார்கள்.

விழாவுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல், "நைனா, அது வெடிச்சிடுச்சு. கருந்துளை இல்ல, நியூட்ரான் நட்சத்திரம்" என்றாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. நான் கையிலிருந்த நோட்டீஸை மடித்துப் பைக்குள் செருகினேன்.

"எப்படிம்மா தெரியும்?"

"ரெண்டுமே பக்கத்து நட்சத்திரத்துலேர்ந்து வாயுவை இழுக்கும். நியூட்ரான் நட்சத்திரத்துக்குத் தரை இருக்கு. விழறது அது மேல குவிஞ்சு குப்புனு எரியும், எக்ஸ்ரேல பளிச்னு தெரியும். கருந்துளைக்குத் தரையே இல்ல, போனது போனதுதான்."

"இத்தினி மாசமா பளிச்சிடலையே?"

"பளிச்சிடலைன்னா கருந்துளைன்னு நிச்சயம் கிடையாது. பளிச்சிட்டா அது கருந்துளை இல்லைன்னு நிச்சயம்."

பரந்தாமனிடம் ஓடினேன். "வெடிச்சத யாரு பாத்தது?" என்றார். செயற்கைக்கோள் என்றேன். "அது நம்மூருக்கு வந்து சொல்லப் போவுதா? விழா முடியட்டும், அப்பால வெடிக்கச் சொல்லு!"

நானும் வெட்கமில்லாமல், விழா முடியும்வரை சொல்லாதே என்று ப்ரியாவிடம் கெஞ்சினேன், பாவா. அவள் நேராக மேடையேறி மைக்கைப் பிடித்து, "எனக்கு மாலை போட்ட காரணம் தப்பு. நான் கருந்துளையைக் கண்டுபிடிக்கல" என்று சொல்லிவிட்டாள். மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பரந்தாமன் மட்டும் அசரவில்லை. மைக்கைப் பிடுங்கி, "கருந்துளையையே நட்சத்திரமா மாத்தின நம்மூரு பொண்ணு!" என்று முழங்கினார். அப்படி ஒரு கைதட்டல்! ப்ரியா மறுக்க வாயைத் திறக்க, அதற்குள் அவள் வாயையும் மூடும்படி பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. பெற்ற நானே பொய் சொல்லச் சொன்னேனே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. அதனால் பாவா, அங்கே யாராவது கருந்துளை என்று சொன்னால், அது நியூட்ரான் நட்சத்திரம்தான் என்று அடித்துச் சொல்லுங்கள். நான் இங்கே கடை கடையாக ஏறிச் சொல்லி வருகிறேன்.

மலைமேல் இருப்பவன் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைக்கட்டும். அக்காவுக்கு வணக்கம், உங்கள் மகள் சந்திராவுக்கு ஆசிகள்.

அன்புடன்,
ஹேமநாதன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ப்ரியா போன் செய்தாள். பளிச்சிட்டது அது இல்லையாம், அதே திசையில் இருக்கும் வேறொன்றாம். அதனால் இது மறுபடியும் கருந்துளையாக இருக்கலாமாம். "நட்சத்திரம்னு யார்கிட்டயும் சொல்லிடலையே, நைனா?" என்றாள். "ஆங், ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.