சாட்டைக்கு மஜ்ஜை கொடுத்த ராக்கெட்

லோடு வேன் இடித்து மூன்று மாதமாகியும் முனியராஜின் நாய் சாட்டைக்குப் பின்னங்கால் எலும்பு கூடவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த கால்நடை மருத்துவர் அருணாதேவி உதட்டைப் பிதுக்கினார்.

"எலும்பு மஜ்ஜையை எடுத்து, முறிஞ்ச இடத்துல ஊசியால ஏத்திப் பாப்போம். அதுக்கும் கூடலைன்னா காலையே எடுக்க வேண்டியதுதான். திங்கக்கிழமை வாங்க."

முனியராஜ் சாட்டையை மடியோடு அணைத்துக்கொண்டான். அவன் வீட்டில் சாட்டை நாயல்ல, பிள்ளை. மஜ்ஜையை யாரிடம் எடுப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்பானேன்? தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்காரன் அவன். அங்கே விபத்து என்றால், கூப்பிடும் முன்பே வேன் நிறைய ஆட்கள் ரத்தம் கொடுக்கப் போய் இறங்கிவிடுவார்கள்.

கம்பெனியில் சொன்னான். ஆளுக்கொன்றாக ஏழு நாய்கள் சேர்ந்தன. அதுவும் போதாதென்று பக்கத்து வீட்டுக் காளிராஜின் முன்னாலும் போய் நின்றான். குழாயடித் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"ராக்கெட்ட ஒரு நாளைக்கு அனுப்புவீகளாண்ணே? சாட்டைக்கு மஜ்ஜை வேணுமாம்."

காளிராஜ் முறைத்தார். பிறகு தன் நாய் ராக்கெட்டின் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

"கூட்டிட்டுப் போலே. உசுருக்கு என்ன பகை?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் எட்டுக் கயிறும் சிக்கிக்கொண்டன. முனியராஜ் இரண்டு நாய்களை விலக்கினால் நான்கு கட்டிப் புரண்டன. ஆட்டோடு வந்தவர் ஒருவரின் வேட்டியை உருவிக்கொண்டு ராக்கெட் ஓடியது. மருத்துவர் வெளியே வந்து கத்தினார்.

"அந்தச் செவலையை முதல்ல உள்ள கொண்டாங்க!"

ராக்கெட் ஊசி போட்டுக்கொண்டு திரும்பியது. மற்ற ஏழையும் கூப்பிடாமல் அடுத்துச் சாட்டையைத் தூக்கிப் போனார்கள்.

"பொருந்திருச்சு, தாயே!" என்று முனியராஜ் கைகூப்பினான்.

அன்றிலிருந்து ராக்கெட்டுக்குத் தினமும் இரண்டு அவித்த முட்டை, ஞாயிறுதோறும் ஈரல். குழாயில் காளிராஜ் வீட்டுக்கே முதல் குடம். இரண்டு வீட்டுக்கும் இடையில் குழம்புக் கிண்ணங்கள் நடமாடின.

எட்டாவது வாரம் சாட்டை நான்கு காலில் ஓடியது. முனியராஜ் தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டான். ராக்கெட்டுக்கு மாலை போட்டு, காளிராஜையும் அழைத்துக்கொண்டு நன்றி சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலில் நின்ற உதவியாளர் அய்யப்பன் மாலையைப் பார்த்து விழித்தார்.

"மஜ்ஜை குடுத்த மகராசன்ணே இவன்!" என்றான் முனியராஜ்.

"மஜ்ஜைய உங்க சாட்டையோட இடுப்பெலும்புல இருந்துல்ல எடுத்தோம்! இவனுக்குப் போட்டது வெறிநாய்த் தடுப்பூசி."