இறால் தலைக் கணக்கு

வாட்டில் முனைக் கடற்கரை,
ஜனவரி, வெயில் கொளுத்தும் வியாழன்.

பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கிய என் அக்கா மகன் ஹேமிஷுக்கு மாமா மெர்வின் எழுதுவது. நான் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், யோசனை சொன்னவர்களுக்கு என்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? உன் வீட்டு மாடி அறையை ஒழித்து வை. ஐஸ்கிரீம் வண்டியை விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மெல்பர்னுக்கு உன்னோடேயே குடியேற வருகிறேன்.

கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு இறால் தலைகளை மேசைமேல் வைத்து, “இதுதான் மாமா பீச், இது நீங்க, அது கோராலி” என்று விளக்கினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. அதுவரை நான் வடக்கே, இன்னொரு ஐஸ்கிரீம் வண்டிக்காரியான அவள் தெற்கே, ஆளுக்குப் பாதிக் கூட்டம் என்று நிம்மதியாக விற்றுக்கொண்டிருந்தோம். “கொஞ்சம் நடுவுல நகருங்க மாமா. வடக்கு ஆளுங்க எப்படியும் உங்ககிட்டதான் வருவாங்க, கோராலி ஆளுங்கள்லயும் நாலு பேர் வருவாங்க” என்றாய். நகர்ந்தேன். மறுநாள் பார்த்தால் கோராலியும் நகர்ந்திருக்கிறாள். அவளுக்கு யார் இறால் காட்டினார்களோ. நான் இன்னும் கொஞ்சம், அவள் இன்னும் கொஞ்சம் என்று போய், கடைசியில் நட்டநடுவில் இரண்டு வண்டியும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. கோடியில் இருந்தவர்கள் கொதிக்கிற மணலில் இவ்வளவு தூரம் நடக்க மாட்டோம் என்று விட்டார்கள். நடந்து வந்தவர்களும், திரும்புவதற்குள் ஐஸ் உருகிப்போய், பிள்ளைகளுக்கு வெறும் குச்சியைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

“பழையபடி பிரிஞ்சு நிப்போமா, கோராலி?” என்று கேட்டேன்.

“தாராளமா. மொதல்ல நீ கெளம்பு.”

“நான் போனா நடுவுல நீ உக்காந்துக்குவ.”

“நான் போனா நீ மட்டும் கண்ணை மூடிக்கிட்டா நிப்ப?”

அவள் சொன்னது நியாயம். எனக்குக் கோபமே அதில்தான்.

இன்று காலை நடுக்கடற்கரையில் நீரோட்டம் இழுக்கிறது என்று உயிர்காப்பாளர்கள், பத்திரமாகக் குளிக்கிற இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளைப் பிடுங்கி வடக்குக் கோடியில் நட்டுவிட்டார்கள். நம் ஆட்கள்தான் கொடிகளுக்கு நடுவில் தவிர வேறெங்கும் கால் நனைக்க மாட்டார்களே, குடையும் குழந்தையுமாக மொத்தக் கூட்டமும் அங்கே போய்விட்டது. நீ சொன்ன நடுவில் மிச்சம் நாங்கள் இருவரும் நாலைந்து கடற்பறவைகளும்தான். உன் இறால் கணக்கில் கொடி எங்கே இருந்தது, ஹேமிஷ்? இருவரும் ஒரே நொடியில் சாவியைத் திருகினோம். வண்டிப் பாட்டை நிறுத்தக்கூட நேரமில்லாமல் டிங் டிங் என்று பாடிக்கொண்டே மணலில் பறந்தேன், பாதி வழியில் சக்கரம் புதைந்து, எஞ்சின் ஒரு இருமல் இருமி அடங்கிவிட்டது. கோராலி என்னைத் தாண்டும்போது தலையை நீட்டி, “நிக்கிறதுதான் ஒனக்குப் புடிக்குமே, நல்லா நில்லு” என்றாள். எஞ்சின் நின்றதும் குளிர்பெட்டியும் நின்றது. வனிலா வழிந்து என் செருப்புக்குள் வந்தது. அழுதேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அக்காவுக்கு என் அன்பு. உனக்குப் பெரிய பதவியும், எதிர்க்கேள்வி கேட்காத மாணவர்களும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
இனி எந்தக் கடற்கரையிலும் கால் வைக்காத உன் மாமா,
மெர்வின்

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். சாயங்காலம் கோராலி கயிற்றோடு வந்து நின்றாள். ஓடிய ஓட்டத்தில் அவள் குளிர்பெட்டி செத்துவிட்டதாம், உருளைக்கிழங்கு பொரிக்கிற அடுப்பு மட்டும்தான் மிச்சமாம். “ஒனக்கு ஓட்டம் இல்ல, எனக்குக் குளிர் இல்ல. கட்டி இழுத்துட்டுப் போறேன், வர்றியா?” என்றாள். அவள் எஞ்சினிலிருந்து என் குளிர்பெட்டிக்கு வயர் கொடுத்தாயிற்று. நாளை முதல் கொடி போகிற இடமெல்லாம் அவள் வண்டி முன்னால், என் வண்டி பின்னால். எனக்கு இருபது வயது ஆனதுபோல் இருக்கிறது. இந்தக் கணக்கிலும் ஏதாவது தப்பு இருந்தால், நீ படித்த படிப்பின் மேல் ஆணை, என்னிடம் சொல்லாதே.