எஞ்சினுக்கு வேலி கட்டியவர்

சர்க்கார் எழுதி, அச்சடித்து, ஆலைச் சுவரில் ஒட்டச் சொன்ன விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த மனிதர் அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னாலும் அணைப்பேன். விதிகளை எழுதியவரே முழுசாகப் படித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

அவருடைய பெயரைச் சொன்னால் இப்போது யாருக்கும் தெரியாது. 'வேலிக்காரர்' என்றால் மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு வரை, வயதானவர்கள் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஒரு பருத்தி அரவை மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு எண்ணெய் எஞ்சின், அதிலிருந்து நீளமாக ஓடும் தோல் பெல்ட், அந்தப் பெல்ட் சுழற்றும் ஒரு வரிசை ஜின் மெஷின்கள். ஒவ்வொரு ஜின்னின் முன்னாலும் ஒரு பெண் நின்று கொட்டைப் பருத்தியைத் தள்ளுவாள். பஞ்சு ஒரு பக்கம் விழும், கொட்டை ஒரு பக்கம் விழும். அவ்வளவுதான் மில்.

அப்போது புதிய தொழிற்சாலைச் சட்டம் வந்திருந்தது. மில்லில் விபத்து நடந்தால் முதலாளியோடு மேனேஜர் என்று கையெழுத்துப் போட்டவரும் கோர்ட்டில் நிற்க வேண்டும். எங்கள் முதலாளி யோசித்தார். தனக்குத் துணையாக நிற்க, முடிந்தால் தனக்குப் பதிலாகவே நிற்க, ஓர் ஆள் வேண்டும். காட்டில் வெள்ளாமை செய்துகொண்டிருந்த மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு வந்தார்.

"மாப்ள, மேனேசர்னு ஒரு கையெழுத்துப் போடு. நாற்காலி உண்டு. காத்தாட உக்காந்துக்க. வேற சோலி ஒண்ணுமில்ல."

மாப்பிள்ளை போட்டார். ஒரு வாரம் காற்றாட உட்காரவும் செய்தார். அடுத்த வாரம் திருச்செங்கோட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா, காப்பி குடிக்கும் சமயத்தில், அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளக்கிவிட்டான். நேராக மில்லுக்கு வந்தார். வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

"ஏனுங் கணக்குப்பிள்ளை, சொவத்துல ஒட்டியிருக்கற காயிதத்த எறக்குங்க."

"எதுக்குங்க?"

"செயிலுக்குப் போறதுன்னா, எதுக்குப் போறம்னு தெரிஞ்சுட்டுப் போவோணுமில்லீங்?"

அன்று சாயங்காலம் வரை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'ஓடும் சக்கரங்களுக்கும் பட்டைகளுக்கும் வேலி அமைத்தல் வேண்டும்' என்ற இடத்துக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சர்க்காருக்கும் வெவரம் தெரியுதுங்க!" என்றார். பிறந்ததிலிருந்து வேலி கட்டி வளர்ந்தவரல்லவா?

மறுநாள் இரண்டு வண்டி நிறைய, நட்டால் வேர்விடும் கிளுவைப் போத்து வந்து இறங்கியது. எஞ்சின் அறை மண்தரை. குழி தோண்டி, போத்து நட்டு, குறுக்கே மூங்கில் வைத்துக் கட்டி, இடுக்கில் முள் செருகி, எஞ்சினையும் பெல்ட்டையும் சுற்றி அசல் தோட்டத்து வேலி ஒன்றைப் போட்டுவிட்டார். எஞ்சின் டிரைவர் மாரப்பன் உள்ளே போய் வர ஒரு படல். எண்ணெய்க் குப்பியோடு அவன் படலைத் திறந்துகொண்டு நுழைவதைப் பார்த்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவது போல இருக்கும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, வேலி துளிர்த்துவிட்டது. துளிரைத் தேடி வெள்ளாடுகள் வந்தன. முன்பு எஞ்சின் அறையில் சக்கரம் ஒன்றுதான் ஆபத்து. இப்போது சக்கரமும் இருந்தது, ஆடும் இருந்தது.

அந்த நிலையில்தான் பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது என்ன?"

"வேலிங்க."

"அது?"

"வெள்ளாடுங்க. சட்டத்துல ஆட்டப் பத்தி ஒண்ணும் போடலீங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டு ஓடிவிட்டது. நல்ல மனிதர். கோபிக்கவில்லை. வேலி என்றால் இரும்புச் சட்டத்தில் அடித்த கம்பி வலை என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். போகும்போது, "எல்லா மில்லிலும் நாளைக்குப் போடுகிறோம் என்பார்கள். போட்டே வைத்திருந்த முதல் ஆள் நீங்கள்தான். விதிகள் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும், தெரிந்துகொண்டே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை. இவரோ அதை மந்திர உபதேசமாக எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தபால் வரும் நேரத்தில் வேலிக்காரரை மில்லில் பார்க்க முடியாது. போஸ்டாபீஸ் வாசலில் நிற்பார். சர்க்கார் சுற்றறிக்கை ஏதாவது வந்தால் என் மேஜைக்கு ஓடி வருவார். இங்கிலீஷாக இருந்தால் நான் படித்துச் சொல்ல வேண்டும். ஒன்றும் வராத வாரங்களில் முகம் வாடிவிடும். "என்னங்க, சர்க்காரு தூங்கிருச்சாட்ட இருக்குது?" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார், ஏதோ நான்தான் வைஸ்ராய் போல.

கம்பி வலை வந்தது. சிவப்பு வாளிகள் வந்தன. வாசலுக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று, நடைபாதையில் ஒன்று; மணலும் தண்ணீரும் நிரப்பி வைத்தார். தீ விபத்து ஒத்திகை நடத்த வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல் நடத்தினால்தான் பலன் என்று ஒரு சுற்றறிக்கை சொன்னது. சொல்லாமலே நடத்தினார். சந்தைக்கு ஊரே கூடியிருந்த நாளில் மில் மணியை அடித்து, "தீ! தீ!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

பெண்கள் ஓடினார்கள். மாரப்பன் எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்தான். முதலாளி அந்தச் சமயம் வேப்பமரத்தடியில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் வழவழவென்று, ஒரு கன்னம் நுரையோடு, தெருவில் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் சந்தையே குடமும் அண்டாவுமாகத் திரண்டு வந்தது. பஞ்சுக் குவியல் மேல் கிணற்றையே கவிழ்த்துவிட்டார்கள். என் பேரேட்டின் மேலும் ஒரு குடம்.

"எங்கடா தீ?" என்றார் முதலாளி.

"இல்லீங் மச்சான். இருந்தா எப்படி வருவீங்கன்னு பாத்தனுங்க. ரொம்ப சுறுசுறுப்பா வந்தீங்க."

பஞ்சு காய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் முதலாளி அவரோடு பேசவில்லை.

மில்லுக்கு வெளியிலும் அவர் மேனேஜர்தான். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பருத்தி வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தென்னங்கீற்றுப் பந்தல், நடுவில் ஓமம். வேலிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போக எத்தனை வழி என்று பந்தலைச் சுற்றி வந்தார். பிறகு இரண்டு வாளி மணலைத் தூக்கிக்கொண்டு போய் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே காவல் நின்றுகொண்டார். நெய் விட்டு நெருப்பு ஓங்கும்போதெல்லாம் குனிந்து ஒரு கைப்பிடி மணல் எடுப்பார்.

ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. "ஓய்! அக்கினியைச் சாட்சியாத்தான் கூப்பிட்டிருக்கேன். குத்தவாளியா இல்லே!"

இதையெல்லாம் மில்லில் எல்லோரும் சிரித்துச் சகித்துக்கொண்டார்கள். பெண்களின் தலைமுடியில் கை வைத்தபோதுதான் சண்டை வந்தது. ஓடும் மெஷின் அருகே கூந்தலும் முந்தானையும் தொங்கக் கூடாது, தலையை இறுக்கித் துணி கட்ட வேண்டும் என்றார். ஜின் வரிசைக்குத் தலைவி போல இருந்தவள் பாவாயி. வாய்க்காரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்க தலைய நாங்க முடியறதுக்கும் சர்க்காரு காயிதம் போடுதுங்களா?"

"ஆமா தாயி. மசுரு பெல்ட்டுல சிக்குனா தலையோட போயிரும்."

"அப்ப உங்களுக்குத் தலை வேண்டாமுங்களா? எங்களவிட உங்க குடுமியில்ல நீளமாத் தொங்குது?"

உண்மை. வேலிக்காரருக்கு முழங்கை நீளத்தில் குடுமி. அவர் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பெண்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பூப்போட்ட துணியில் ஒன்றை எடுத்து, தலையைச் சுற்றி, நெற்றிக்கு மேல் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார். பெரிய மீசை, மேலே சிவப்புப் பூ. பெண்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் பாவாயி நியாயம் தெரிந்தவள். எழுந்து, ஒரு துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து வேலிக்காரர் பூத்துணி இல்லாமல் மில்லுக்குள் நுழைந்ததில்லை. முதலாளியைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள், "அந்தம்மா யாருங்க?" என்று கேட்டதுண்டு.

மாசி மாதம் பருத்தி வந்து குவிந்தது. மில் வாசலில் வண்டிகள் ரோடு வரை நின்றன. அப்போது பார்த்துப் பெல்ட் அடிக்கடி நழுவ ஆரம்பித்தது. வேலிக்காரர் விதிப்படி, எஞ்சினை நிறுத்தி, வலையைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, வலையைப் பூட்டி, மறுபடி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். முதலாளிக்கு வயிறு எரிந்தது. மச்சினன் போஸ்டாபீசுக்குப் போன சமயம் பார்த்து மாரப்பனிடம், "ஓடறப்பவே ஒரு குச்சியில தள்ளி மாட்டுடா" என்றார்.

வேலிக்காரர் திரும்பி வந்தபோது, மாரப்பன் குச்சியோடு ஓடும் சக்கரத்தின் மேல் குனிந்துகொண்டிருந்தான். "டேய், நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தார். நடைபாதையில் அவரே வைத்த சிவப்பு வாளி இருந்தது. காலை இடறி, கரணம் போட்டு விழுந்தார். அந்தச் சத்தத்தில் மாரப்பன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலிக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

அவர் மேனேஜராக இருந்த காலத்தில் அந்த மில்லில் நடந்த ஒரே விபத்து இதுதான்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கட்டிலில் கிடத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஏனுங் கணக்குப்பிள்ளை, இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்க."

முதலாளி பதறிவிட்டார். "மாப்ள, ஊட்டு விசயம். ஊட்டோட இருக்கட்டும்."

"காலு ஊட்டுல ஒடியலீங் மச்சான். மில்லுல ஒடிஞ்சுது."

எழுதினேன். இன்ஸ்பெக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார். முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விபத்துக்கு யார் பொறுப்பு?"

"மேனேசருங்க. நடக்கற பாதையில வாளி வச்சது அவரு தப்புங்க."

"மேனேஜர் யார்?"

"நாந்தானுங்க."

"அடிபட்ட தொழிலாளி?"

"அதுவும் நாந்தானுங்க. ஆனா மேனேசர உட்டுறாதீங்க. கண்டிச்சு வையுங்க."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மேனேஜரை முறைப்படி கண்டித்தார். தொழிலாளிக்கு ஆறுதல் சொன்னார். இரண்டையும் வேலிக்காரர் படுத்தபடியே கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

அவர் படுத்திருக்கட்டும் என்று காத்திருந்தது போல, மறுநாளே முதலாளி கம்பி வலையைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார். காலையில் வேலைக்கு வந்த பெண்கள் வாசலில் நின்றார்கள். பாவாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் மொதலாளி, வல எங்கீங்க?"

"ரெண்டு நாளைக்குத்தான் ஆத்தா. பாரு, வண்டி எத்தன நிக்குது?"

"அப்பிடீங்களா? அப்ப நாங்களும் ரெண்டு நாள் கழிச்சு வாரமுங்க."

சொல்லிவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தனை பேரும் அவள் பின்னால் போனார்கள். முதலாளி அதட்டினார்; கெஞ்சினார்; வேறு ஆள் வரும் என்றார். வரவில்லை. வண்டிக்காரர்கள் வேறு மில்லுக்குத் திருப்பலாமா என்று பேச ஆரம்பித்ததும், மைத்துனர் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"மாப்ள, நீ சொன்னாத்தான் அந்தப் பொம்பளைக கேப்பாளுக. உள்ள போவச் சொல்லு."

வேலிக்காரர் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார். "எதுக்கு வெளிய உக்காந்திருக்கறாங்க?"

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னேன். வேலிக்காரர் என் பக்கம் தலையைத் திருப்பினார். அவர் கண் நிறைந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். தனக்காக யாராவது எதையாவது செய்வார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை போலிருக்கிறது.

கட்டிலருகே கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது முதலாளியின் மனைவி, வேலிக்காரரின் அக்கா. கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போய் மாட்டிட்டு வாங்க" என்று கணவரிடம் சொன்னார். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

முதலாளியே வலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மாரப்பன் திருகாணி முடுக்கினான். வெள்ளை வேட்டி முழுக்க எஞ்சின் எண்ணெய். பெண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். வேலிக்காரர் சித்திரையில் ஒரு தடியோடு திரும்பி வந்தார். மில் கைமாறும் வரை அவர்தான் மேனேஜர். அப்புறம் மல்லசமுத்திரத்துப் பக்கம் தன் காட்டுக்கே போய்ச் சேர்ந்தார். யுத்தம் முடிந்த வருஷம் படுக்கையில் அமைதியாகக் கண்ணை மூடினார் என்று கேள்விப்பட்டேன்.

வெகுநாள் கழித்துத் திருச்செங்கோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பாவாயியைப் பார்த்தேன். தலை பூராவும் நரைத்திருந்தது. பேச்சு எங்கெங்கோ போய் அவரிடம் வந்தது. பூத்துணியையும் மீசையையும் சொன்னதும் சிரிப்பு அவளுக்கு அடங்கவில்லை. "என்ன இம்சை பண்ணுனாருங்க அந்த மனுசன்!" என்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பருத்தி மில்லில் காலம் தள்ளிய பெண்களின் கைகளை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஒரு விரலாவது பாதியில் நின்றிருக்கும். பாவாயியின் விரல்கள் அத்தனையும் இருந்தன. பஸ் வந்தது. அவர் இப்போது அங்கே இல்லை என்று தெரிந்தும், எனக்கு ஏனோ அதில் ஏறாமல், மல்லசமுத்திரம் போய் அந்த மனிதரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும் போல இருந்தது.